45 நிமிடம் போதாதா? கிளாசிக்கல் செஸ் இனி எதற்கு?

கோட்டைக்குள்ராஜா எழுதியது:

போன மாதம் ஒரு ஐந்து நாள் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) போட்டிக்குப் போய் வந்தேன். ஒன்பது ரவுண்டு. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 30 நொடி கூடுதல். ஆபீசில் மூன்று நாள் லீவு, லாட்ஜ் வாடகை, நுழைவுக் கட்டணம், மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு. திரும்பி வரும்போது ரேட்டிங் 1840இலிருந்து 1829 ஆகியிருந்தது. அதை விடுங்கள், அது என் தலையெழுத்து.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். கிளாசிக்கல் என்கிற இந்த நீண்ட ஆட்டத்தை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறோம்? 2018இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் உலகப் பட்டத்துக்கு 12 கிளாசிக்கல் ஆட்டம் ஆடினார்கள். பன்னிரண்டும் டிரா. மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தவனுக்குக் கடைசியில் ஒரே நாளில் ரேப்பிட் டை-பிரேக்கில், அதாவது சமனை முறிக்கும் வேக ஆட்டத்தில், முடிவு கிடைத்தது, 3-0. அந்த ரேப்பிடை முதல் நாளே ஆடியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இப்போது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேவே மெல்ல அந்தப் பக்கம் சாய்கிறது. 2025இல் 45 நிமிடமும் மூவுக்கு 30 நொடியும் கொண்ட சில போட்டிகளுக்குச் சோதனை முயற்சியாக ஸ்டாண்டர்டு ரேட்டிங், அதாவது நீண்ட ஆட்டத்துக்கான ரேட்டிங், கொடுத்தார்கள். நார்வே செஸ் நடத்துகிறவர்கள் ‘ஃபாஸ்ட் கிளாசிக்’ என்று அதற்குப் பெயர் வைத்து, அதையும் ரேப்பிடையும் இன்னும் வேகமான பிளிட்ஸையும் சேர்த்துப் புதிய உலகப் பட்டத் தொடர் ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். என் கட்சி இதுதான்: 45+30 போதும். அதற்கு மேல் யாருக்கும் நேரம் வேண்டாம், உலகப் பட்டப் போட்டி உட்பட. அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

புல்லட்பாண்டி எழுதியது:

முதல் ஓட்டு என்னுடையது. 45 கூட அதிகம் என்பேன். 15+10 வைத்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் முடிந்துவிடும்.

பழைய_கிளாக் எழுதியது:

தம்பிகளா, நீங்கள் ‘நீண்ட ஆட்டம்’ என்று சொல்கிற 90+30 எங்களுக்கெல்லாம் அவசர ஆட்டம். நான் ஆட வந்தபோது 40 மூவுக்கு இரண்டரை மணி நேரம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஓடியும் முடியவில்லை என்றால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மூவ் யாருடையதோ, அவர் அதைப் போர்டில் ஆட மாட்டார். தாளில் எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) கொடுப்பார். மறுநாள் காலையில் உறையைக் கிழித்துத்தான் ஆட்டம் தொடரும்.

அந்த ராத்திரி இருக்கிறதே, அதை உங்களுக்கு விளக்கவே முடியாது. அவன் என்ன எழுதியிருப்பான் என்று தெரியாது. ஐந்து சாத்தியம் இருந்தால் ஐந்துக்கும் பதில் பார்த்து வைக்க வேண்டும். ஒரு தடவை நானும் என் நண்பர்கள் இருவரும் விடிய விடிய உட்கார்ந்து ஒரு ரூக் எண்டிங்கை, அதாவது ராஜா, சிப்பாய்களோடு ரூக் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தை, அலசினோம். பிளாஸ்கில் வைத்திருந்த டீ மூன்று முறை தீர்ந்தது. காலையில் ஆர்பிட்டர் உறையைப் பிரித்தார், படித்தார், இன்னொரு தடவை படித்தார். எதிராளி எழுதியிருந்தது ஆடவே முடியாத மூவ். ரூக் நிற்காத கட்டத்திலிருந்து ரூக்கை நகர்த்தியிருந்தார் மனிதர். உறைக்குள் இருப்பது செல்லாத மூவ் என்றால் ஆட்டம் போச்சு, அதுதான் விதி. எனக்கு ஒரு புள்ளி வந்தது. ஆனால் இன்று வரை அந்த எண்டிங் ஜெயிப்பா டிராவா என்று போர்டில் ஆடிப் பார்க்க முடியவில்லையே என்ற குறை உண்டு.

1972இல் ஃபிஷர் உலகப் பட்டம் வாங்கிய கடைசி ஆட்டமும் இப்படி நிறுத்தி வைத்த ஆட்டம்தான். எதிராளி ஸ்பாஸ்கி மறுநாள் அரங்குக்கே வரவில்லை. தொலைபேசியில் சொல்லித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. ராத்திரி அலசலை மெஷினே செய்துவிடும் என்றான பிறகு உறைக்கு மதிப்பு ஏது? 90களில் அந்த வழக்கம் செத்தது.

இன்னும் பின்னால் போனால் 1851 லண்டன் போட்டியில் கிளாக்கே கிடையாது. எதிராளி மணிக்கணக்கில் உட்கார்ந்தே கொல்கிறான் என்று அங்கே ஆடிய ஸ்டான்டன் புலம்பினார். நடுவில் மணல் கடிகாரமெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். 1883 லண்டனில்தான் இரட்டைக் கடிகாரம் வந்தது. மூவுக்கு இத்தனை நொடி கூடுதல் என்கிற ஏற்பாடு ஃபிஷருடையது. 1989இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆக, நேரம் சுருங்குவது புதிதில்லை. சுருக்கினாலே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுருக்கிக்கொண்டே போகிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்று கேட்டால் பாண்டி 15+10 என்கிறார். நாளைக்கு அவர் மகன் 3+2 என்பான்.

புல்லட்பாண்டி எழுதியது:

ஐயா, இப்போதே நான் 1+0தான் ஆடுகிறேன். ஆபீஸ் லிஃப்டில்.

மேசைநடுவர் எழுதியது:

நான் ஆர்பிட்டர். ஞாயிற்றுக்கிழமை ரேப்பிடும் பார்க்கிறேன், ஐந்து நாள் போட்டியும் பார்க்கிறேன். முதலில் ஒரு கணக்கு, ஏனென்றால் இங்கே பாதிப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டாண்டர்டு ரேட்டிங் கணக்கில் வர வேண்டுமானால், 60 மூவ் ஆட்டம் என்று வைத்துக்கொண்டு ஒருவருக்கு எவ்வளவு நேரம் வருகிறது என்று பார்ப்பார்கள். இருவருமே 1800க்குக் கீழே என்றால் 60 நிமிடம் போதும். ஒருவராவது 1800 அல்லது அதற்கு மேல் என்றால் 90 நிமிடம். ஒருவராவது 2400 அல்லது அதற்கு மேல் என்றால் 120 நிமிடம். 45+30 என்பது 45 நிமிடமும் 60 தடவை அரை நிமிடமும், மொத்தம் 75. அதாவது 1800க்குக் கீழே இருப்பவர்களுக்கு அது ஏற்கெனவே செல்லுபடியாகும். அதற்கு மேல் இருப்பவர்களுக்கும் திறந்துவிடலாமா என்பதுதான் அந்தச் சோதனை. கோட்டைக்குள்ராஜா சார் இன்னும் 30 புள்ளி விட்டால் தானாகவே உள்ளே வந்துவிடுவார். (கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். போன வாரம் ஒரு கல்யாண மண்டபம். 15+5. கடைசி ரவுண்டு. பத்து வயதுகூட ஆகாத இரண்டு பொடியன்கள், இரண்டு கிளாக்கிலும் பத்து நொடிக்குள். ஒருவன் ரூக்கை எடுக்கும்போது முழங்கை பட்டு மூன்று சிப்பாய் சாய்ந்தது. எடுத்து நிறுத்தாமலே கிளாக்கை அடித்தான். மற்றவன் அழுதுகொண்டே அடித்தான். வெள்ளை ராஜா செக்கில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு அவன் வேறு காயை நகர்த்துகிறான், இவனும் கவனிக்காமல் பதில் ஆடுகிறான். ஓர் ஆர்பிட்டர் பல போர்டுகளைப் பார்க்கும் ரேப்பிடில், எதிராளி தன் அடுத்த மூவுக்கு முன் சுட்டிக்காட்டாவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். நான் ஓடி வந்து சேர்வதற்குள் ஒருவன் கோப்பை வாங்கும் இடத்துக்குப் போய்விட்டான். இரண்டு அப்பாக்களும் என் மேல் பாய்ந்தார்கள். பையன்கள் இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டார்கள்.

இதற்காக ரேப்பிட் கெட்டது என்று சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரேப்பிடில் ஸ்கோர் ஷீட் (மூவ்களைக் குறிக்கும் தாள்) எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. மூவுக்கு 30 நொடி கூடுதல் இருக்கும் ஸ்டாண்டர்டு ஆட்டத்தில் கடைசி மூவ் வரை எழுதியாக வேண்டும். ஞாயிறு மாலை அந்தப் பையனிடம் ‘எங்கே தப்பு செய்தாய்?’ என்று கோச் கேட்டால் காட்ட அவனிடம் ஒன்றும் கிடையாது.

கோட்டைக்குள்ராஜா எழுதியது:

மேசைநடுவர் சார், அந்த 30 புள்ளி ஜோக்கைக் குறித்து வைத்துக்கொண்டேன். அடுத்த போட்டியில் உங்களிடம் மூன்று தடவை ஒரே நிலை வந்தது, டிரா கொடுங்கள் என்று கிளெய்ம் கேட்டு உயிரை எடுக்கிறேன்.

ஆனால் நீங்களே சொல்கிறீர்கள் பாருங்கள்: 45+30இல் 30 நொடி இருக்கிறது. அங்கே ஸ்கோர் ஷீட் எழுதத்தான் போகிறார்கள். நான் கேட்பது அதைத்தான். முழங்கை பட்டுக் காய் சாயும் ஆட்டத்தை நான் கேட்கவில்லை.

யானைக்கடைசி எழுதியது:

எண்டிங் பைத்தியம் என்பதால் நான் ஒருதலைப்பட்சம். தெரிந்தே படியுங்கள்.

2013 நவம்பர், சென்னை, ஹயாத் ரீஜென்சி. ஆனந்த்-கார்ல்சன் உலகப் பட்ட மேட்ச். முதல் நான்கு ஆட்டம் டிரா. ஐந்தாவது ஆட்டம் எண்டிங்குக்குப் போனபோது என் அறையில் இருந்த அத்தனை பேரும் ‘இதுவும் டிராதான்’ என்று எழுந்து போய்விட்டார்கள். உண்மையில் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கார்ல்சனுக்கு ஓர் இம்மி கூடுதல், அவ்வளவுதான். அவர் காயை இங்கே ஒரு கட்டம், அங்கே ஒரு கட்டம் தள்ளிக்கொண்டே இருந்தார். 58ஆவது மூவில் ஆனந்த் கை கொடுத்தார். மறுநாள் ஆறாவது ஆட்டம். மறுபடியும் ரூக் எண்டிங், மறுபடியும் டிரா மாதிரி, 67ஆவது மூவில் மறுபடியும் தோல்வி. அந்த இரண்டு நாளில் மேட்ச் முடிந்துவிட்டது. நான் ஆனந்த் ரசிகன். இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், செஸ்ஸில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த இரண்டு எண்டிங்கில்தான்.

2021 துபாய், கார்ல்சன்-நெப்போம்னியாச்சி உலகப் பட்ட மேட்ச், ஆறாவது ஆட்டம். கார்ல்சன் குயினைக் கொடுத்து இரண்டு ரூக்கை வாங்கினார். 40ஆவது மூவுக்கு முன்னால் நேர நெருக்கடியில் இருவரும் மாறி மாறிக் கோட்டைவிட்டார்கள். கடைசியில் நெப்போவிடம் வெறும் குயின். கார்ல்சனிடம் ரூக், குதிரை, இரண்டு சிப்பாய். 136 மூவ், ஏழே முக்கால் மணி நேரம், நள்ளிரவு தாண்டி முடிந்தது. உலகப் பட்ட வரலாற்றிலேயே நீளமான ஆட்டம். அதன் பிறகு நெப்போ பழைய நெப்போவாக இல்லை. அடுத்தடுத்த ஆட்டங்களில் கிளப் ஆட்டக்காரன் செய்கிற தப்பையெல்லாம் செய்தார். மேட்ச் 7.5-3.5.

இதே 136 மூவை 45+30இல் ஆடினால் ஆளுக்கு 113 நிமிடம், மொத்தம் நான்கு மணி நேரத்துக்குள். சாத்தியம்தான். ஆனால் அந்த நிலைமை அங்கே உருவாகியிருக்குமா?

புல்லட்பாண்டி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். துபாயில் 40 மூவுக்கு இரண்டு மணி நேரம், அடுத்த 20 மூவுக்கு ஒரு மணி நேரம், 61ஆவது மூவிலிருந்து வெறும் 15 நிமிடமும் மூவுக்கு 30 நொடியும். அதாவது 136இல் கடைசி 76 மூவ் ரேப்பிட் மாதிரிதான். உங்களுக்குப் பிடித்த பகுதி பூராவும் என் ஊர்.

அப்புறம் இன்னொன்று. அந்த ஆட்டத்துக்கு முன்னால் உலகப் பட்ட மேட்ச்களில் தொடர்ந்து 19 கிளாசிக்கல் ஆட்டம் டிரா. 2016இல் கடைசி இரண்டு, 2018இல் பன்னிரண்டும், 2021இல் முதல் ஐந்து. ஒரு நல்ல ஆட்டத்துக்காக 19 ஆட்டம் காத்திருக்க நான் என்ன கொக்கா?

2018இல் பன்னிரண்டாவது ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? கார்ல்சனுக்கு நல்ல நிலை, கிளாக்கிலும் அவர்தான் முன்னால். 31ஆவது மூவில் டிரா கேட்டார். ஏன்? ரேப்பிடில் கருவானாவை அடித்துவிடலாம் என்று தெரியும். உலக சாம்பியனே கிளாசிக்கலை நம்பவில்லை, நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

யானைக்கடைசி எழுதியது:

61ஆவது மூவுக்குப் பிறகு 30 நொடிதான், ஒப்புக்கொள்கிறேன். நல்ல அடி. ஆனால் அந்த 61ஆவது மூவுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது ஆறு மணி நேரத்துக்குப் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். களைத்துப்போன மூளைக்கு 30 நொடி என்பதும் தெம்பாக உட்கார்ந்தவனுக்கு 30 நொடி என்பதும் ஒன்றா?

19 டிரா சொன்னீர்கள், அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். 2023 அஸ்தானாவில் 14 கிளாசிக்கல் ஆட்டத்தில் ஆறில் ஜெயிப்பு தோல்வி வந்தது. 2024 சிங்கப்பூரில் 14இல் ஐந்து. நேரம் பெரிதாக மாறவில்லை. ஆடியவர்கள் மாறினார்கள். டிராவுக்குக் காரணம் கிளாக்தான் என்றால் இது எப்படி?

புல்லட்பாண்டி எழுதியது:

சிங்கப்பூரை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. பதினான்காவது ஆட்டம், 55ஆவது மூவ், குகேஷுக்கு எதிராக டிங் ரூக்கை எஃப்2 கட்டத்தில் வைத்தார். ஆயிரத்து இருநூறு ரேட்டிங் பையன்கூட பார்த்துவிடும் தப்பு. ரூக்கை மாற்றி, மூலையில் மாட்டிய பிஷப்பையும் மாற்றிவிட்டால் வெறும் சிப்பாய் எண்டிங், தோல்வி. இரண்டரை வாரக் கிளாசிக்கலின் முடிவை எழுதியது ஒரு பிளண்டர். பிளண்டரில்தான் முடியப் போகிறது என்றால் அதைச் சீக்கிரமாகச் செய்துவிட்டுப் போகலாமே?

யானைக்கடைசி எழுதியது:

பாண்டி, அந்த ஆட்டத்தை மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். டிங் காய்களை மாற்றி மாற்றி டிராவை நோக்கித்தான் போனார். அடுத்த நாள் ரேப்பிட் டை-பிரேக் என்றால் அவர் கைதான் ஓங்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 18 வயதுப் பையன் எதிரே ஒரு சிப்பாய் கூடுதலோடு உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் எஞ்சின் பூஜ்யம், அதாவது சமநிலை, என்றது. கமென்டரியில் டிரா என்றார்கள். குகேஷ் எழுந்திருக்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தான். அந்த 55ஆவது மூவ் வானத்திலிருந்து விழவில்லை. டிங்கிடம் தொடர்ந்து ‘இப்போது என்ன செய்வாய், இப்போது என்ன செய்வாய்’ என்று கேட்டுக்கொண்டே இருந்ததற்குக் கிடைத்த பதில் அது.

அந்த மூவைப் பார்த்ததும் குகேஷின் முகம் மாறியதே, அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். தண்ணீரை எடுத்துக் குடித்து, கண்ணை மூடி, மறுபடி சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் ரூக்கைத் தொட்டான். சரிபார்க்க நேரம் இருந்தது.

பழைய_கிளாக் எழுதியது:

இன்னும் யாரும் டெஸ்ட் கிரிக்கெட்டையும் டி20யையும் இழுக்கவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது.

புல்லட்பாண்டி எழுதியது:

கைவசம் வைத்திருந்தேன் ஐயா. நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்.

பழைய_கிளாக் எழுதியது:

அந்த ஒப்புமை இங்கே பொருந்தாது தம்பி. டி20யில் ஆள் வேறு, அடி வேறு. செஸ்ஸில் மூன்று வடிவத்திலும் மேலே இருப்பது ஏறக்குறைய அதே ஆட்கள்தான். ஆனந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் கிளாசிக்கல் ஆட்டத்தையே பிளிட்ஸ் மாதிரி ஆடித்தான் பெயர் வாங்கினார். 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ரேப்பிட் பட்டம் வாங்கியபோது வயது 48. அந்தப் போட்டியில் கார்ல்சனையும் அடித்தார். வேகம் என்றால் சின்னப் பையன்களுக்குத்தான் என்பார்கள், அதுவும் முழுக்கச் சரியில்லை. முப்பது வருடம் கிளாசிக்கல் ஆடி மனதில் ஏற்றி வைத்த நிலைகள்தான் 48 வயதில் வேகமாகக் கையில் வந்தன என்று நான் நினைக்கிறேன்.

ரேப்பிட் லாட்டரி என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒட்டாது. லாட்டரி என்றால் அதே கார்ல்சனுக்கே வருடா வருடம் விழுமா?

சிப்பாயம்மா எழுதியது:

எல்லோரும் கார்ல்சனையும் குகேஷையும் பேசுகிறீர்கள். நான் ஹாலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள். மகளுக்கு 13 வயது, ரேட்டிங் 1620.

செலவு விஷயத்தில் கோட்டைக்குள்ராஜா அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. போன முறை வெளியூர்ப் போட்டிக்கு எங்கள் இருவருக்கும் எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆனது. பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பையைக் கட்டும்போது பேச்சு குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ரேப்பிட் என்றால் காலையில் புளிசாதம் கட்டிக்கொண்டு போய் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் வழி. இதை யாரும் மறக்க வேண்டாம்.

ஆனால் நான் பார்த்த ஒன்று. அந்த வெளியூர்ப் போட்டியில் ஆறாவது ரவுண்டில் ஒரே மூவுக்கு 38 நிமிடம் யோசித்திருக்கிறாள். பெற்றோரை உள்ளே விட மாட்டார்கள், எனக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்து அவள்தான் சொன்னாள். 38 நிமிடம் யோசித்து, தப்பான மூவை ஆடி, தோற்றாள். நான் திட்ட வாயெடுத்தேன். அவள் ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் மூவுக்கு மூவ் மீதி நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள். அந்த மூவுக்கு எதிரே சின்னதாக ஒரு கேள்விக்குறி. லாட்ஜில் ராத்திரி பதினொன்றரை வரைக்கும் கட்டிலில் போர்டை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அம்மா, நான் சரியான மூவைத்தான் முதலில் பார்த்தேன், 20 நிமிடம் கழித்து மாற்றிக்கொண்டேன்’ என்றாள். ஏன் மாற்றினாள் என்பதற்கும் காரணம் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அவள் குரல் மட்டும் புதிதாக இருந்தது.

ரேப்பிடில் தோற்றால் ஐந்து நிமிடம் அழுவாள், அடுத்த ரவுண்டில் யாருக்கு யார் என்ற பேரிங் போட்டதும் மறந்துவிடுவாள். அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான்.

கோட்டைக்குள்ராஜா எழுதியது:

சிப்பாயம்மா எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். மேலே இருப்பவர்கள் எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும். உலகப் பட்டம், அதற்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் இரண்டும் நீளமாகவே இருக்கட்டும். என்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள், 2000க்குக் கீழே இருப்பவர்கள், சின்னப் பிள்ளைகள், இவர்களுக்கு மட்டும் 45+30. ஒரு நாளைக்கு மூன்று ரவுண்டு, ஒன்பது ரவுண்டுப் போட்டி மூன்றே நாளில். வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் போதும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மேசைநடுவர் எழுதியது:

எனக்கு வசதிதான், ஐந்து நாள் நிற்கும் கால்வலி மிச்சம். ஆனாலும் ஒரு சந்தேகம்.

இன்று 1620இல் இருக்கும் பெண் நாளைக்கு டபிள்யூஐஎம், டபிள்யூஜிஎம் என்கிற பெண்கள் பட்டங்களுக்கான தகுதி ஆட்டம், அதாவது நார்ம், ஆட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்மும் பட்டமும் இன்றைக்கும் நீண்ட ஆட்டத்தில்தான். 2000 வரைக்கும் 45+30 மட்டுமே ஆடி வளர்ந்த பிள்ளையைத் திடீரென்று நான்கு மணி நேரம் உட்கார வைத்தால் உட்காருமா? 38 நிமிடம் யோசிப்பது திறமை மட்டும் இல்லை, பழக்கம். கீழே அதைக் கற்றுக்கொடுக்க இடமில்லை என்றால் மேலே ஆட ஆள் எங்கிருந்து வரும்? பத்து வருடத்தில் ‘கிளாசிக்கலில் யாருக்கும் ஆர்வமில்லை’ என்று சொல்லி அங்கேயும் மூடிவிடுவார்கள்.

மேலே ஆடுகிறவர்களும் இப்போது இரண்டையும் கலந்துதான் பிழைக்கிறார்கள். 2023 உலகக் கோப்பை இறுதியில் பிரக்ஞானந்தா கார்ல்சனோடு இரண்டு கிளாசிக்கலையும் டிரா செய்து ரேப்பிடில் விட்டார். 2025இல் பத்தூமியில் மகளிர் உலகக் கோப்பை இறுதியில் திவ்யா ஹம்பியை ரேப்பிடில்தான் ஜெயித்தார். குகேஷுக்கு ரேப்பிட் வராது என்றார்கள், 2025 ஜாக்ரெப்பில் ரேப்பிட் பகுதியில் 18க்கு 14 எடுத்து முதலில் வந்தார், அடுத்து பிளிட்ஸில் சறுக்கினார். ஒன்றை வைத்து ஒன்றை அழிக்காமல் இருந்தாலே போதும் என்று படுகிறது. ஐந்து நாள் போட்டிக்குப் பதிலாக இரண்டு சனி ஞாயிறு, நாளுக்கு இரண்டு ரவுண்டு, 90+30 என்று உள்ளூரிலேயே நடத்தினால் லாட்ஜ் செலவு மிச்சம். எட்டு ரவுண்டு வரும். மண்டபம் கிடைப்பதுதான் பாடு, அதுவும் முகூர்த்த மாதத்தில்.

புல்லட்பாண்டி எழுதியது:

முகூர்த்த மாதத்தில் மண்டபம் கிடைத்தால் நானே வந்து ஆடுகிறேன். 90 நிமிடத்தில் 80 மிச்சம் வைத்துத் தோற்பேன்.

கோட்டைக்குள்ராஜா எழுதியது:

இரண்டு வாரக் கடைசி யோசனை நன்றாக இருக்கிறது. எங்கள் பகுதியில் பேசிப் பார்க்கிறேன். 45+30ஐ நான் விடவில்லை, அதையும் சொல்லி வைக்கிறேன்.

சிப்பாயம்மா எழுதியது:

இந்த இழை தூங்கி மூன்று வாரம் ஆகிறது, எழுப்புவதற்கு மன்னிக்கவும். ஹாலுக்கு வெளியே இருந்து எழுதுகிறேன். மூன்றாவது ரவுண்டு 9.30க்குத் தொடங்கியது, மணி இப்போது 1.50. எல்லா போர்டும் முடிந்துவிட்டது, என் மகளும் இன்னொரு பையனும் மட்டும்தான் உள்ளே. வெளியே வந்த ஒரு பிள்ளை ‘அக்கா ரூக் எண்டிங் ஆடுறாங்க, ஒரு சிப்பாய் கூட இருக்கு’ என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். யாருக்குக் கூட என்று கேட்பதற்குள் போய்விட்டான். அடுத்த ரவுண்டு 3 மணிக்கு. இன்னும் சாப்பிடவில்லை. இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?

மேசைநடுவர் எழுதியது:

கதவருகே இருக்கும் துணை ஆர்பிட்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள் அம்மா. ஆட்டம் முடிந்ததும் தலைமை ஆர்பிட்டரிடம் கேட்டால் அந்த போர்டை மட்டும் கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கலாமா என்று பார்ப்பார். அவர் முடிவுதான். நானாக இருந்தால் அரை மணி கொடுப்பேன். சாப்பாட்டைத் திறந்து தயாராக வையுங்கள், தயிர்சாதம் என்றால் சீக்கிரம் இறங்கும்.

யானைக்கடைசி எழுதியது:

சிப்பாய் யாருக்குக் கூட என்று தெரிந்ததும் இங்கே போடுங்கள். ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

சிப்பாயம்மா எழுதியது:

2.10. இன்னும் வரவில்லை.